மருத்துவ தேவியும் அவள் வாயில் நாயும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தென் ஈராக்கில் இன்று இஷான் அல்பஹ்ரியாத் என்று வழங்கும் மண்மேட்டின் கீழே இசின் என்னும் புராதன நகரம் புதைந்து கிடக்கிறது. 1973 முதல் 1989 வரை பார்த்தெல் ஹ்ரூடா என்னும் ஜெர்மானியப் பேராசிரியரின் தலைமையில் அவ்விடத்தை அகழ்ந்து பார்த்தவர்கள், அந்நகரத்துப் பிரதான தேவியின் ஆலயத்துக்கு ஏறிச் செல்லும் சாய்தளத்தினிடத்தே, ஏறத்தாழ கி.மு. 1000 ஐச் சேர்ந்தவை என்று கணிக்கப்பட்ட 33 நாய்களின் எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். அவற்றுள் வளர்ந்த நாய்களும் இருந்தன. கண் திறவாத குட்டிகளும் இருந்தன. சிலவற்றின் எலும்புகளில் முறிவின் அடையாளங்களும் தென்பட்டன. நாயின் வடிவம் கீறிய வெண்கலத் தகடுகளும், களிமண்ணால் பிடித்த நாய்களும், மண்டியிட்டு நாயொன்றை அணைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனித உருவமும் அதே கோயிலின் எல்லைக்குள் கிடைத்தன. வேட்டைக்காரரின் தெய்வத்துக்கோ யுத்த தெய்வத்துக்கோ உரிய கோயிலாக அது இருந்திருப்பின் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதுவோ நோய் தீர்க்கும் தேவியின் கோயில். நோயாளிகள் ஏறிப் போகும் வழியில் இத்தனை நாய்களை ஏன் புதைத்தார்கள் என்னும் கேள்வியே இன்றைய என் பேச்சின் பொருள்.

தேவியின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். அது ஒரு பெயராக இல்லாதது இத்துறையில் புகுவோரைக் கொஞ்சம் திகைக்க வைக்கும். இசின் நகரத்தார் அவளை நினிசினா என்றார்கள். நிப்பூரில் இறந்தாரையும் எழுப்பும் தலைவி என்ற பொருளில் நிந்தினுக்கா என்று ஒருத்தி இருந்தாள். நின்கர்ராக் என்பவள் வேறொருத்தி. லகாஷ் நாட்டிலே நின்கிர்சு என்னும் போர்க்கடவுளின் பத்தினியாக வணங்கப்பட்ட பாவு, காலப்போக்கில் இக்கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். குலா என்ற பெயரே பிற்காலத்தில் மற்றவற்றை விழுங்கிக்கொண்டு பாபிலோனியாவிலும் அசீரியாவிலும் நிலைத்தது. ஆதியில் இவர்கள் வெவ்வேறு தெய்வங்கள் என்பதிலும், பின்னாளில் ஒருத்தியின் பல நாமங்களாகக் கருதப்பட்டார்கள் என்பதிலும் ஐயமில்லை. எந்தப் பெயர் எந்த நூற்றாண்டில் எதனோடு கலந்தது என்ற விசாரம் நிபுணர்களுக்கு உரியது. நமக்கு இன்று அது வேண்டியதில்லை.

புல்லுத்ஸ-ராபி என்னும் புலவன் இயற்றியதாக வழங்கும் அக்காடிய மொழித் தோத்திரம் ஒன்று 200 அடிகளில் அமைந்துள்ளது. அதில் பேசுபவள் தேவியே. ஒரு பகுதியில் தன்னைப் புகழ்வதும், அடுத்த பகுதியில் தன் நாயகனைப் புகழ்வதுமாக அவள் மாறி மாறிப் பேசிக்கொண்டு போகிறாள். தன்னை வைத்தியச்சி என்று அறிமுகம் செய்துகொள்ளும் இடத்தில் அவள் வர்ணிக்கும் கோலம், ஊர் ஊராகச் சென்று வைத்தியம் பார்ப்பவரின் கோலமேயாகும். மூலிகைகளைச் சுமந்து செல்கிறாள். மந்திரச் சுவடிகள் அடங்கிய தோல்பையை இடுப்பில் கட்டியிருக்கிறாள். தூய்மையான கட்டால் ரணத்தின் வேதனையைத் தணிக்கிறாள். மருந்தும் மந்திரமும் ஒரே பையில் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இருக்கலாம். அந்நாட்டில் மருந்து கொடுப்பவன் ஆஸூ என்றும், மந்திரத்தால் தீமையை ஓட்டுபவன் ஆஷிப்பு என்றும் அழைக்கப்பட்டார்கள். ஒரே நோயாளியின் கட்டிலருகில் இருவரும் நிற்பதை யாரும் விபரீதமாக நினைக்கவில்லை. இருவருக்கும் தலைவி குலாவே.

இனி அவளுடைய உருவத்தைப் பார்ப்போம். அரசர்கள் நிலமும் உரிமையும் வழங்கியபோது, அந்தத் தானத்துக்குச் சாட்சியாகத் தேவர்களின் சின்னங்களைச் செதுக்கிய குதுர்ரு என்னும் கற்களைப் பாபிலோனியர் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று, முதலாம் நெபுகத்நேசர் என்னும் மன்னன் எலாம் நாட்டுப் படையெடுப்பில் தனக்குத் துணை நின்ற ரித்தி-மர்துக் என்னும் தேர்ப்படைத் தலைவனுக்கு வழங்கிய சலுகைகளைச் சொல்வது. கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த அக்கல் இப்பொழுது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலே பெரிய தெய்வங்கள் எல்லாம் வெறும் சின்னங்களாகவே வருகின்றன. சூரியன் ஒரு வட்டம், சந்திரன் ஒரு பிறை, மர்துக்குக்கு ஒரு மண்வெட்டி. குலாவோ மானிட வடிவம் தாங்கி ஆசனத்தில் வீற்றிருக்கிறாள். பக்கத்தில் அவளுடைய நாய். வேறு சில கற்களில் தேவியையே காணோம். நாய் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அது இருந்தால் அவள் இருப்பதாகவே கொள்ளப்பட்டது.

இசின் நகரத்தை ஆண்ட என்லில்-பானி என்னும் அரசன் நினிசினாவுக்கு நாய் இல்லம் என்றே பெயரிட்ட கட்டடம் ஒன்றை எழுப்பியதாக அவன் சாசனம் கூறுகிறது. இவன் அரியணை ஏறிய வரலாறு விசித்திரமானது. மன்னன் எர்ரா-இமித்திக்குக் கேடு வரும் என்று நிமித்தம் தோன்றியதாகவும், அக்கேட்டைத் தாங்குவதற்காக என்லில்-பானி என்னும் தோட்டக்காரனைப் போலி அரசனாகச் சிங்காசனத்தில் அமர்த்தியதாகவும், அந்நாட்களில் உண்மை அரசன் அரண்மனையிலே கொதிக்கும் கஞ்சியைக் குடித்து மாண்டு போனதாகவும், தோட்டக்காரன் பின்னர் ஆசனத்தை விட்டு இறங்க மறுத்துவிட்டதாகவும் பிற்கால பாபிலோனியச் சரித்திரக் குறிப்பு ஒன்று சொல்லுகிறது. கதை மெய்யோ பொய்யோ, ஒருவனுக்கு வரவேண்டிய தீங்கை மற்றொருவன் மேல் ஏற்றலாம் என்னும் நம்பிக்கை அதில் இருக்கிறது. அதனோடு நமக்குப் பின்னால் வேலை உண்டு. அந்தத் தோட்டக்காரன் கி.மு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நன்றாகவே ஆண்டான். சற்றே முந்திய லார்சா மன்னன் சுமு-எல் என்பவனின் ஆயுள் விருத்திக்காக நினிசினாவுக்குப் படைக்கப்பட்ட ஒரு சிறு கல் நாய், முதுகில் பாத்திரம் ஏந்திய கோலத்தில், பாரிஸ் நகரத்து லூவ்ர் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்பும் வழக்கம் மாறவில்லை. எருசலேமை அழித்த இரண்டாம் நெபுகத்நேசர், பாபிலோனில் நின்கர்ராக்கின் ஆலயத்தைப் புதுப்பித்தபோது பொன்னாலும் வெள்ளியாலும் வெண்கலத்தாலும் நாய்கள் செய்து வாயில்களில் நிறுத்தியதாகத் தானே எழுதி வைத்திருக்கிறான்.

நாய் எதற்காக என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்று உண்டு. நாய் தன் புண்ணைத் தானே நக்கி ஆற்றிக்கொள்கிறது, அதைக் கண்ட ஆதிமனிதர் அதன் எச்சிலில் மருந்து இருப்பதாகக் கருதினார்கள், ஆகவே அது மருத்துவ தேவியின் பரிவாரமாயிற்று என்பார்கள். கேட்பதற்கு இதமான விளக்கம். ஆனால் அதற்கு ஆதாரமாக எடுத்துக் காட்டப்படுவன பெரும்பாலும் கிரேக்க நாட்டுச் சாசனங்கள். பாபிலோனியர் தாமே நாயைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் இதம் குறைந்துவிடுகிறது.

பாக்தாதுக்கு அருகே தெல் ஹர்மல் என்னுமிடத்தில் 1945 இலும் 1947 இலும் கிடைத்த களிமண் பலகைகளில் எஷ்னுன்னா நாட்டுச் சட்டங்கள் உள்ளன. ஒருவனுடைய நாய் வெறிகொண்டிருப்பதாக அதிகாரிகள் எச்சரித்தும் அவன் அதைக் காவாமல் விட, அது ஒரு மனிதனைக் கடித்து அவன் இறந்தானாயின், நாய்க்கு உடையவன் 40 ஷெக்கல் வெள்ளி செலுத்த வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 ஷெக்கல் போதும். கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டளவிலேயே நாய்க்கடி சட்டத்தில் இடம்பெறும் அளவுக்கு ஒரு பீதியாக இருந்தது என்பது இதனால் விளங்கும். அதே காலத்து மந்திரங்கள் இன்னும் ஆழமாகப் போகின்றன. நாய் தன் வித்தை வாயிலே சுமந்து திரிகிறது என்றும், கடித்த இடத்தில் தன் குட்டியை விட்டுவிட்டுச் செல்கிறது என்றும் அவை கூறும். கடி ஆறிவிட்டதாகத் தோன்றி, வாரங்கள் கழிந்தபின் உள்ளேயிருந்து நோய் வளர்ந்து வெளிப்படுவதைக் கண்ட ஒருவர், அதைக் கருவுறுதலாகக் கண்டிருக்கிறார். கிருமியைப் பற்றி ஒன்றும் அறியாத காலத்தில், அவதானம் இவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

கி.மு. பதினோராம் நூற்றாண்டில் போர்சிப்பா நகரத்து எசாகில்-கின்-அப்லி என்னும் அறிஞர் தொகுத்த நோய்க்குறி நூல் 40 பலகைகள் கொண்டது. ஸகிக்கூ என்று பெயர் பெற்ற அந்நூலின் முதற்பலகை நோயாளியின் உடம்பைப் பற்றியதன்று. ஆஷிப்பு நோயாளியின் வீட்டுக்குப் போகும் வழியில் எதிர்ப்படும் நிமித்தங்களைப் பற்றியது. கறுப்பு நாயோ கறுப்புப் பன்றியோ எதிர்ப்பட்டால் நோயாளி பிழைக்கமாட்டான். கைக்குழந்தைகளைக் கொல்பவள் என்று எல்லோரும் அஞ்சிய லமாஷ்து என்னும் அரக்கியைத் தாயத்துக் கற்களில் செதுக்கியவர்கள், அவளுடைய மார்பில் ஒருபுறம் நாய்க்குட்டியும் மறுபுறம் பன்றிக்குட்டியும் பால் குடிப்பதாகக் காட்டினார்கள். மரணத்தின் செவிலியிடத்தும் நாய் இருக்கிறது. குலாவின் காலடியிலும் நாய் இருக்கிறது.

இவ்விடத்தில் தேவியின் மறுமுகத்தையும் பார்த்தாக வேண்டும். ஹம்முராபியின் கல்தூணைப் பலரும் அறிவோம். அறுவைக் கத்தியால் ஒரு மேன்மகனைக் காப்பாற்றிய வைத்தியனுக்கு 10 ஷெக்கல் கூலி என்றும், அவன் கையால் நோயாளி இறந்தால் அக்கை வெட்டப்படும் என்றும் விதிக்கும் அச்சட்டங்களின் முடிவுரையில், தன் சொல்லை மாற்றத் துணியும் பின்னாள் அரசர்கள்மேல் ஹம்முராபி சாபங்களை அடுக்குகிறான். அங்கே ஒரு சாபத்துக்கு அதிதேவதையாக அழைக்கப்படுபவள் நின்கர்ராக். எந்த வைத்தியனுக்கும் புலப்படாத, எந்தக் கட்டுக்கும் ஆறாத, மரணத்தின் கடியைப் போலப் பிடுங்கி எறிய முடியாத கொடிய ரணத்தை அவள் அவன் அங்கங்களில் தோன்றச் செய்யட்டும் என்கிறான். கி.மு. 672 இல் அசீரியச் சக்கரவர்த்தி எசர்ஹத்தோன் தன் மகனுக்குப் பட்டம் உறுதி செய்யும்பொருட்டுச் சிற்றரசர்களிடம் வாங்கிய சத்தியப் பிரமாணத்திலும் இப்படியே ஒரு வாசகம் வருகிறது. மகா வைத்தியச்சி குலா வாக்குத் தவறியவனின் உடலில் ஆறாப் புண்ணை உண்டாக்கவும், அவனை இரத்தத்திலும் சீழிலும் தண்ணீரில் போலக் குளிக்கச் செய்யவும் வேண்டப்படுகிறாள்.

இரண்டு சாசனங்களுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. இருந்தும், ரணத்தை ஆற்றுபவளிடமே ரணத்தை ஏவும்படி கேட்கிறார்கள். அதில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. ஹம்முராபியின் சாபத்தில் கடி என்ற உவமை, தேவியின் பெயரை அடுத்தே வந்து விழுவதையும் கவனிக்க வேண்டும். என் அபிப்பிராயம் இது: குலாவின் நாய் நோயாளிக்கு ஆறுதல் சொல்ல அங்கே அமர்ந்திருக்கவில்லை. அதன் பற்கள் அதனிடமே இருக்கின்றன. ஊரிலேயே மிக அஞ்சப்பட்ட பிராணி, ஊருக்கும் காட்டுக்கும் நடுவே உலாவுவது, பிணத்தைத் தின்பது, நோயைப் பரப்புவது, அவள் ஒருத்தியின் காலடியில் மட்டும் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. நோயின்மேல் அவளுக்கு உள்ள ஆட்சியை அதைவிடத் தெளிவாக ஒரு சிற்பி எப்படிக் காட்ட முடியும்? அவளுடைய தயை, அவளுடைய ஆக்ஞையின் ஒரு பகுதி. ஏவ வல்லவளே அழைத்துக்கொள்ளவும் வல்லவள்.

இப்படிக் கொண்டால் இசினின் சாய்தளத்தில் கிடந்த எலும்புகளுக்கும் ஒரு பொருள் கிடைக்கிறது. அவை தேவியின் வளர்ப்பு நாய்களாக இருந்து இயல்பாக இறந்தவை என்று சொல்வோர் உண்டு. நோயாளியின் பீடையை நாய்க்கு மாற்றிப் பின் அதைப் புதைத்திருப்பார்கள் என்று கருதுவோரும் உண்டு. போலி அரசனைப் பற்றிய கதையை நினைத்துப் பார்க்கையில், தீங்கை இடம் மாற்றுவதில் அந்நாட்டாருக்கு இருந்த நம்பிக்கை இரண்டாவது கருத்துக்கே பலம் சேர்ப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் குட்டிகளுக்கும் முறிந்த எலும்புகளுக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அச்சம் ஒன்றே அவர்கள் உள்ளத்தில் இருந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. நிப்பூரில் எழுத்தர் ஒருவர் நிந்தினுக்காவுக்கு ஒரு நாய் உருவம் செய்து படைத்ததைச் சொல்லும் சுமேரிய வாசகம் ஒன்று உண்டு. அந்தச் செய்பொருள், உயிருள்ள நாயைப் போலவே, தன் தலைவியின் முன் வாலைக் குழைத்து விளையாட வேண்டும் என்பது அவருடைய பிரார்த்தனை. நாயோடு பழகியவர் எழுதியது அது என்பதற்கு அந்த வால் ஒன்றே சாட்சி. அகர் கூஃப் என்று இன்று வழங்கும் துர்-குரிகால்சு நகரிலும் எளிய மக்கள் குலாவின் பெயர் பொறித்த களிமண் நாய்களைக் காணிக்கையாக இட்டுச் சென்றார்கள்.

நாய்க்கடிக்கு மருந்து தேடி நாய்த் தேவியின் ஊருக்கே போன ஒருவனைப் பற்றிய நகைச்சுவைக் கதையும் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஊருக் நகரத்துப் பலகையில் உள்ளது அது. நிப்பூர்வாசி ஒருவனை நாய் கடித்துவிடுகிறது. அவன் இசினுக்குச் செல்கிறான். அங்கே அமேல்-பாபா என்னும் வைத்தியன் மந்திரம் ஓதி அவனைக் குணப்படுத்துகிறான். மகிழ்ந்த நோயாளி, நிப்பூருக்கு வந்தால் விருந்தும் பானமும் தருவதாகச் சொல்லி வீட்டுக்கு வழியும் கூறிவிட்டுப் போகிறான். அமேல்-பாபா நிப்பூரை அடைந்து, தெருவில் காய்கறி விற்கும் பெண்ணிடம் விசாரிக்கிறான். அவள் சுமேரிய மொழியில் விடை சொல்ல, அம்மொழி அறியாத அவன் தன்னை வைகிறாள் என்று நினைத்து, ஏன் திட்டுகிறாய் என்று சண்டைக்கு நிற்கிறான். கல்விமானாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் வைத்தியனுக்குக் காய்கறிக்காரிக்குத் தெரிந்த சுமேரியம் கூடத் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுகூடித் தங்கள் களிமண் பலகைகளாலேயே அவனை நகர வாயிலுக்கு வெளியே அடித்து விரட்டட்டும் என்று கதை முடிகிறது. பள்ளிக்கூடத்தில் பிறந்த கதை என்பது வெளிப்படை. நாய் கடித்தால் இசினுக்குப் போவது என்பது, வேடிக்கைக் கதையில் விளக்கமின்றியே வைக்கக்கூடிய அளவுக்குச் சகஜமாக இருந்தது என்பதே இதில் நமக்குப் பயன்படும் செய்தி.

அரண்மனைகளிலும் இதே நாயைச் சற்று வேறு உத்தியோகத்தில் காண்கிறோம். நினிவேயில் அசீரிய மன்னன் அஷுர்பானிபாலின் வடக்கு அரண்மனையில், வாயிலருகே புதைக்கப்பட்டிருந்த ஐந்து களிமண் நாய்கள் கிடைத்தன. உள்ளங்கையில் அடங்கும் சிறு உருவங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். விலாவில் பெயர் எழுதியிருக்கிறது. தீமையை ஓட்டுபவன் என்று ஒன்றுக்குப் பெயர். பகைவனைப் பிடிப்பவன் என்று மற்றொன்றுக்கு. உரக்கக் குரைப்பவன் என்று வேறொன்றுக்கு. ஐந்தில் ஒன்றுக்கு இட்ட பெயர், யோசியாதே கடி என்பது. லமாஷ்துவை வீட்டுக்குள் விடாமல் தடுக்கும் சடங்குகளிலும் இத்தகைய நாய்களைச் செய்து வைக்கும்படி விதி உண்டு. குட்டிக்குப் பால் கொடுப்பவளை நாயைக் கொண்டே தடுக்கிறார்கள் என்பது, நான் மேலே சொன்ன கருத்தோடு முற்றும் பொருந்துகிறது.

வைரவருக்கும் நாய்தானே வாகனம், அம்மை போடுபவளும் இறக்குபவளும் மாரியம்மன்தானே என்று உங்களில் சிலர் இந்நேரம் மனத்துக்குள் கேட்டிருப்பீர்கள். ஒப்புமை கண்ணைக் கவர்வது உண்மை. இரண்டு நாகரிகங்களில் ஒரே வகையான அச்சம் ஒரே வகையான தெய்வத்தைத் தோற்றுவிக்கலாம்; அதற்குமேல் உறவு கொண்டாட நம்மிடம் சான்று இல்லை. நம் பக்கத்து நாடுகளோடு அவர்களுக்கு இருந்த மெய்யான தொடர்பு வேறு வகையானது. ஊர் என்னும் நகரத்தின் மூன்றாம் அரச மரபின் கடைசி மன்னன் இப்பி-சின், சிந்துவெளிப் பக்கத்தது என்று கருதப்படும் மெலுஹா தேசத்துப் புள்ளி மிருகம் ஒன்று தனக்குத் திறையாக வந்ததைப் பெருமையோடு பதிவு செய்திருக்கிறான். அது நாயா சிறுத்தையா என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.

தேவியின் நாய் உண்மையிலேயே பிரயாணம் செய்தது மேற்குத் திசையில். ஈஜியன் கடலில் சாமோஸ் தீவின் ஹீரா ஆலயத்தில் நாயோடு நிற்கும் பக்தனின் வெண்கல உருவங்கள் கிடைத்திருக்கின்றன; இசினில் கண்டவற்றோடு அவற்றுக்கு உள்ள சாயல் தற்செயலானதன்று; பாபிலோனியாவில் வார்க்கப்பட்டு எவரோ வணிகர் கையிலோ போர்வீரர் கையிலோ அங்கே போய்ச் சேர்ந்தவை அவை. கிரேக்கரின் வைத்தியக் கடவுளாகிய அஸ்கிலேப்பியஸின் பெயரிலும் வழிபாட்டிலும் குலாவின் நிழல் உண்டு என்று வால்டர் பர்க்கெர்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் வாதித்தார். பெயரைப் பற்றிய வாதம் எனக்கு அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. வழிபாட்டைப் பற்றியது தருகிறது. எபிதௌரஸ் நகரத்தில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் நாட்டிய கல்வெட்டுகளில், பார்வையிழந்த சிறுவனின் கண்ணையும், கழுத்தில் கட்டி வளர்ந்த மற்றொரு சிறுவனின் கட்டியையும் கோயில் நாய்கள் நக்கிக் குணப்படுத்திய அற்புதங்கள் எழுதப்பட்டுள்ளன. நக்கி ஆற்றும் நாய் இங்கேதான் தெளிவாக வருகிறது; கடிக்கும் நாய் மறைந்துவிடுகிறது. பிறந்தவுடன் மலையில் விடப்பட்ட அஸ்கிலேப்பியஸுக்கு ஓர் ஆடு பாலூட்டியது என்றும், மந்தைக் காவல் நாய் அவனைக் காத்து நின்றது என்றும் பௌசானியஸ் எழுதிய யாத்திரை நூல் கூறுகிறது. பாபிலோனியரின் மூல்-அபின் என்னும் வான நூலில் குலாவுக்குரிய நட்சத்திரம் ஆடு. அதன் முன்னே நிற்பது நாய். இந்த ஒற்றுமையை வைத்து நான் எதையும் நிலைநாட்ட முற்படவில்லை; கிரேக்க மூலங்களையும் ஆப்பெழுத்துப் பலகைகளையும் ஒருசேரப் படிக்கும் பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் இதை எடுத்துக்கொண்டு ஆராய்வாரானால், ஆட்டிலிருந்து தொடங்குவது நல்லது என்பேன். நாயைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது.